கன்னியாகுமரி விஆர் அரங்கின் ‘விண்வெளி லிஃப்ட்’: அறிவியல் தேறுமா?

கடற்கரையில் இருக்கும் இந்த விஆர் (மெய்நிகர் காட்சி) அரங்கில், தரையிலிருந்து விண்வெளி வரை நீளும் கேபிளில் ஏறும் ‘விண்வெளி லிஃப்ட்’ காட்சி பார்க்க அருமை. திருவள்ளுவர் சிலையும் விவேகானந்தர் பாறையும் காலடியில் சிறுத்துப்போகும் அந்த ஒரு நிமிடத்துக்கே கொடுத்த காசு தகும்.

ஆனால் 400 கி.மீ. உயரத்தில் லிஃப்ட் நின்றதும் பயணிகள் மிதப்பது பெரிய பிழை. அங்கேயும் புவியீர்ப்பு தரையில் உள்ளதில் சுமார் 89 சதவீதம் இருக்கும். விண்வெளி நிலையத்தில் மிதக்க முடிவது, அது நொடிக்கு ஏறத்தாழ 7.7 கி.மீ. வேகத்தில் பூமியைச் சுற்றி விழுந்துகொண்டே இருப்பதால்தான். கேபிளில் தொங்கும் லிஃப்டுக்கு அந்த வேகம் ஏது? அது பூமியின் சுழற்சியோடுதான் சேர்ந்து சுற்றும்; அந்தச் சுழற்சியிலேயே எடை முழுதாகப் போக 35,786 கி.மீ. ஏற வேண்டும். மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் போனாலும் ஏழரை நாள் ஆகும்.

கேபிள் எஃகால் ஆனது என்று காட்சியில் வரும் வசனமும் சரியில்லை. ஒரே பருமனுள்ள எஃகுக் கம்பி சில பத்து கி.மீ. நீளத்திலேயே தன் எடை தாங்காமல் அறுந்துவிடும். கார்பன் நானோகுழாய் (கார்பன் அணுக்களாலான, மிக நுண்ணிய, வலுவான குழாய்) என்று வசனத்தை மாற்றலாம்.

ஒன்றை மனதாரப் பாராட்ட வேண்டும். குமரி பூமத்திய ரேகைக்கு 8 டிகிரி வடக்கே இருப்பதால் கேபிள் தெற்கே சாய்ந்திருக்கும். அதை அப்படியே காட்டுகிறார்கள்.

மூக்குக்கண்ணாடி அணிபவர்கள், தலையில் மாட்டும் விஆர் கருவியின் லென்ஸ் இடைவெளியைச் சரிசெய்யச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஓரம் மங்கித் தலை சுற்றும்.