ஊசியே குத்தாமல் ஈ.எம்.ஜி. ரிப்போர்ட்: பணம் கட்டும் முன் படியுங்கள்

மன்னார்குடி, கும்பகோணம் பக்கம் நரம்பு டெஸ்டுக்குப் போகிறவர்கள் கவனியுங்கள். மனு கொடுத்திருப்பதால் சென்டரின் பெயரை எழுதவில்லை.

உளுந்து எடுக்க நாள் முழுக்கக் குத்துக்காலிட்டு உட்கார்ந்த அம்மாவுக்கு வலது பாதம் தொங்கிப்போனது. செருப்பு காலில் நிற்கவில்லை, வாசற்படி தடுக்கியது. சில வாரமாகியும் சரியாகாததால் டாக்டர் இரண்டு பரிசோதனை எழுதினார்: ஷாக் கொடுத்துப் பார்க்கும் என்.சி.எஸ்., தசைக்குள் ஊசி வைத்துப் பார்க்கும் ஈ.எம்.ஜி. பில்லும் இரண்டுக்கும்தான்.

கணுக்காலில் மட்டும் ஷாக் கொடுத்துவிட்டு, "முடிஞ்சுதும்மா, எழுந்திரிங்க" என்று அனுப்பிவிட்டார்கள். "ஊசியே குத்தலையே தம்பி" என்றார் அம்மா. ஆனால் ரிப்போர்ட்டில் ஊசி வைத்ததாகத் தசைகளின் பெயர்கள் வரிசையாக இருந்தன, எல்லாம் நார்மலாம்! முடிவில், இடுப்பில் எல்5 நரம்புவேர் (முதுகெலும்பிலிருந்து காலுக்கு நரம்பு கிளம்பும் இடம்) பாதிப்பு என்று ஒரு வரி. அதை நம்பி முதுகுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தோம். ஆபரேஷன் பேச்சு வரை போனது.

அப்புறம் தஞ்சாவூரில் ஒரு நரம்பியல் டாக்டர் மறுபடி பரிசோதித்தார். முழங்காலுக்கு வெளிப்பக்கம், கீழே ஓர் எலும்பு மொட்டு கைக்குத் தட்டுப்படும். பாதத்தைத் தூக்க வைக்கும் நரம்பு அதைச் சுற்றித்தான் போகிறது. அதற்குக் கீழே ஷாக் கொடுத்தால் அலை நன்றாக வந்தது, மேலே கொடுத்தால் சுருங்கிவிட்டது. நசுங்கிய இடம் அதுதான். பிறகு ஊசி. ஓய்வாக இருக்கும் தசையில் ஊசி வைத்தால் மெஷினில் சத்தமே வரக்கூடாது; பாதத்தைத் தூக்கும் முன்தசையில் வைத்ததும் தகரக் கூரையில் தூறல் விழுவதுபோல மெஷின் பொரிந்தது. நரம்பு அடிபட்டு இரண்டு மூன்று வாரம் கழித்தே இது தெரியும், அவசரப்பட்டு முன்பே எடுத்தால் தெரியாமல் போகலாம். கெண்டைக்காலின் ஆழத்தில் இருக்கும் பின்தசையோ அமைதியாக இருந்தது. அதற்கும் எல்5 வேர்தான், ஆனால் வேறு நரம்பு வழியாக. வேர் கெட்டிருந்தால் அதுவும் பொரிந்திருக்க வேண்டும் என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். முதுகுக்கு இதில் வேலையே இல்லை.

நடக்கவே திணறிய ஒரு மனுஷியை இப்படி அலைய வைத்ததுதான் எனக்கு ஆறவில்லை.

ஊசி குத்தினார்களா, எந்தெந்தத் தசையில் என்று அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். புதிய ஊசியைக் கண்ணெதிரே பிரிக்கச் சொல்லுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். எண்கள் மட்டும் போதாது, அலைகள் அச்சான தாளையும் கேட்டு வாங்குங்கள். ஏமாந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்கலாம். அதற்குப் பில்லும் அந்தப் பொய் ரிப்போர்ட்டும் வேண்டும், கோபத்தில் கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.