பிரச்சினை இல்லாத விவாகரத்துக்கு ஒரு வக்கீல் ஆபீஸ்: ஐந்துக்கு மூன்றரை

நானும் அவரும் பிரிந்து கிட்டத்தட்ட இரண்டு வருடம் ஆனபோது, சண்டை போடவே இருவருக்கும் அலுத்துவிட்டது. சேர்ந்து கையெழுத்துப் போடலாம் என்று முடிவான பிறகுதான் வக்கீலைத் தேடினேன். தோழி சொல்லிப் போன ஆபீஸ் இது. குறையும் சொல்லப் போவதால் பெயர் எழுதவில்லை.

முதல் நாள் அரை மணி நேரம் உட்காரவைத்து, இருவரும் சம்மதித்துப் பிரிவதற்கான இந்து திருமணச் சட்டம் 13பி பிரிவை ஒரு வெள்ளைத்தாளில் கோடு போட்டே விளக்கினார் வக்கீல். மனு போடும்போது ஒரு வருடமாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். முதல் மோஷன், அதாவது கோர்ட்டில் முதல் தடவை சேர்ந்து சம்மதம் சொல்வது, ஆறு மாதம் இடைவெளி, அப்புறம் அதையே உறுதிசெய்யும் இரண்டாவது மோஷன். அதற்கு மனு போட்டதிலிருந்து 18 மாதம் வரை அவகாசம். "நடுவில் அவர் மனசு மாறினால்?" என்று கேட்டேன். "தீர்ப்பு வரும்வரை ரெண்டு பேரில் யார் வேண்டுமானாலும் பின்வாங்கலாம் மேடம். 1991-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு. அதனால பேசின பணத்தில் பாதியை முதல் மோஷனில் வாங்குங்க, மீதியை டிடியா கடைசி நாளில்" என்றார். இந்த ஒரு யோசனைக்கே கொடுத்த காசு சரி.

கோபம் வந்தது மனுவின் டிராஃப்ட்டைப் பார்த்தபோது. நான் ஆடிட்டர் ஆபீஸில் வேலை செய்பவள், எந்தத் தாளையும் மேலோட்டமாகப் படிக்க வராது. நாலாம் பக்கத்தில் 'இளைய மகன் தாயின் பொறுப்பில் இருப்பான்' என்று ஒரு வரி. எங்களுக்குக் குழந்தையே இல்லை! யாருடைய மனுவிலிருந்தோ அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். இதாவது சிரிப்பு. பிரிந்த தேதி 2022 ஜூன்; அவர்கள் அடித்திருந்தது 2023 ஜூன். நாங்கள் மனு போட்டது 2024 மே. அந்தத் தேதியோடு போயிருந்தால் ஒரு வருடமே ஆகவில்லை என்று மனு திரும்பியிருக்கும். என் நகைப் பட்டியலிலும் இரண்டு வளையல் குறைந்திருந்தது. மனுவோடு சேர்க்கக் கல்யாணப் பத்திரிகையும் போட்டோவும் கேட்பார்கள். கோபத்தில் ஆல்பத்தைக் கிழித்தவர்கள் அம்மாவின் பீரோவில் தேடிப் பாருங்கள்.

இன்னொரு குறை. பிரிந்து ஒன்றரை வருடம் தாண்டி, பணம், நகை எல்லாம் பேசி முடித்து, சமரசத்துக்கும் வழியில்லை என்றால், அந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யக் கேட்கலாம். 2017-இல் வந்த தீர்ப்பு. கொடுப்பதும் மறுப்பதும் நீதிபதி கையில். இதை எனக்குச் சொன்னது வக்கீல் இல்லை, கூட வேலை செய்யும் அக்கா. கேட்டதும் "ஆமா, போடலாமே" என்றார்கள், ஏதோ நான்தான் மறந்துவிட்ட மாதிரி. வக்கீல் ஃபீஸ் மொத்தம் 40,000 பேசியிருந்தோம், இந்த மனுவுக்குத் தனியாக 5,000. கோர்ட் அனுமதித்தது.

கோர்ட்டில் பயப்பட ஒன்றுமில்லை. சமரசம் பேசிப் பார்க்கும் கோர்ட் கவுன்சலரிடம் நாங்கள் மட்டும் போனோம், முதலில் தனித்தனியாக, அப்புறம் சேர்ந்து. குடும்ப நீதிமன்றத்தில் வக்கீல் பேசுவது உரிமை இல்லை, கோர்ட் அனுமதித்தால்தான். நீதிபதி நேராக எங்களையே கேட்டார்: எப்போது கல்யாணம், எப்போதிலிருந்து பிரிவு, யாராவது கட்டாயப்படுத்தினார்களா. நாலு நிமிடம். காலை பத்தரைக்கு வந்து மூன்று மணி வரை பெஞ்சில் காத்திருந்ததுதான் வலி. அன்றைக்கு ஜூனியர் பெண் கடைசிவரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அந்த அரை ஸ்டார் அவளுக்கு.

தீர்ப்பு வந்ததும் இவர்கள் ஆர்வம் வடிந்துவிட்டது. பாஸ்போர்ட்டில் கணவர் பெயரை எடுக்கச் சான்றிட்ட நகல் வேண்டும். ஐந்து வாரம் "வரும், வரும்" என்றார்கள். கடைசியில் நானே லீவு போட்டுப் போய் வாங்கி வந்தேன். கைக்கு வந்ததும் கவுண்டரிலேயே நின்று, முதலில் தேதிகளைத்தான் சரிபார்த்தேன். எல்லாம் சரி.