விறகு அடுப்புக்குக் காலா, பெட்டியா?

போடியில் ஒரு வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்த இரும்பு விறகு அடுப்பைப் பற்றி எழுதுகிறேன். இது சமைக்க அல்ல, கூடத்தைச் சூடாக்க. முன்னால் கண்ணாடிக் கதவு, உள்ளே தீச்செங்கல், அடியில் சாம்பல் தட்டு, மேலே கூரையைத் தாண்டிப் போகும் புகைக்குழாய்.

எங்களுடையது சூரியநெல்லியில் ஒரு சின்ன ஹோம்ஸ்டே. கொழுக்குமலையில் சூரிய உதயம் பார்க்க இருட்டிலேயே ஜீப்பில் கிளம்புகிறவர்கள், கை விறைத்துப்போய்த் திரும்பி வருவார்கள். ஜனவரியில் மூணாறு பக்கம் புல்லில் உறைபனி படிகிற நாட்கள் உண்டு. ஆனாலும் அடுப்பின் அருமை தெரிவது ஜூன், ஜூலை மழையில்தான். துணி காயாது, சுவர் வியர்க்கும், மாமியாருக்கு முட்டி பிடித்துக்கொள்ளும்.

பட்டறை அண்ணன் கேட்ட முதல் கேள்வியே, “கால் வைக்கவாம்மா, பெட்டி வைக்கவா?” என்பதுதான். பெட்டி என்றால் பீடம். அடுப்புக்குக் கீழே மூன்று பக்கமும் தகடு அடைத்து, முன்பக்கம் மட்டும் திறந்து விடுவார்கள். வெளிநாட்டுக் கம்பெனிகளும் ஒரே அடுப்பை இப்படி இரண்டு விதமாகத் தருவதுண்டு. பார்வைக்குப் பெட்டிதான் எடுப்பு. நான் கால் வைக்கச் சொன்னேன்.

முதல் காரணம் தரை. எங்கள் கூடம் பழைய பலகைத் தரை. கம்பெனி அடுப்பென்றால் கூடவே வரும் கையேட்டில் இருப்பதுதான் விதி. பட்டறை அடுப்புக்குக் கையேடு ஏது? அதற்கு அமெரிக்காவின் என்.எஃப்.பி.ஏ. 211 என்கிற தீப்பாதுகாப்பு விதியைப் பார்த்தேன். சோதனைச் சான்று இல்லாத அடுப்பை மரத்தரையில் வைப்பதானால், அடியில் குறைந்தது 6 அங்குலம் காற்றோடும் இடைவெளி இருக்க வேண்டும்; மூன்று பக்கம் அடைத்த பெட்டியில் அப்படிக் காற்று ஓடாது. அதற்கும் கீழே 2 அங்குல கனத்துக்குக் கெட்டியான செங்கல்லோ கல்லோ நெருக்கி அடுக்கி, மேலே 24 கேஜ் தகடு போட வேண்டும். கால் 2 முதல் 6 அங்குலம் வரைதான் என்றால், காற்று நுழையும்படி 4 அங்குல ஹாலோ பிளாக் அடுக்கித் தகடு போட வேண்டும். 2 அங்குலத்துக்கும் குறைவென்றால் மரத்தரையே கூடாது. இந்தத் தளம் அடுப்பைச் சுற்றி 18 அங்குலம் வெளியே நீண்டிருக்க வேண்டும். மரச்சுவருக்கும் அடுப்புக்கும் 36 அங்குலம் இடைவெளி. மேஸ்திரி அண்ணன் இதையெல்லாம் கேட்டுவிட்டு, “இவ்வளவு எதுக்கு?” என்றார். பலகைக்கு அடியில் பற்றினால் மேலே இருப்பவர்களுக்குத் தெரிய நேரமாகும், அதற்குத்தான் என்றேன். அப்புறம் அவரே மட்டம் பார்த்து அழகாகப் போட்டுக் கொடுத்தார்.

இரண்டாவது காரணம், அடியில் என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்க்க முடிய வேண்டும். கதவு திறக்கும்போது கங்கு தெறித்து உள்ளே உருண்டால் குனிந்து பார்த்துத் தள்ளி விடலாம். விளக்குமாறு தாராளமாக நுழைகிறது. அணைந்த பிறகு தளத்தைத் தொட்டுச் சூடு பார்க்கலாம். தெரிந்தவர் வீட்டில் பெட்டி வைத்த அடுப்பு இருக்கிறது. மழைக்காலம் முழுக்க எரிக்காமல் விட்டதில் பெட்டியின் உள்மூலைகளில் சாம்பலும் ஈரமும் சேர்ந்து துரு ஏறிவிட்டது. அங்கே கை விட்டுத் துடைக்கவும் முடியாது.

பெட்டிக்குள் விறகு அடுக்கலாம் என்று ஆசை காட்டுவார்கள். நம் ஊர் மழையில் விறகு காய வைக்க அதைவிட நல்ல இடம் கிடையாதென்றுதான் யாருக்கும் தோன்றும். தயவுசெய்து வேண்டாம். அடுப்பின் அடித்தகடு எவ்வளவு சூடாகும் என்று சோதித்துச் சொல்லாத அடுப்புக்குக் கீழே, காய்ந்த விறகை அடுக்குவது ஆபத்து. சாம்பல் தட்டை இழுக்கும்போது ஒரு கங்கு விழுந்தால் போதும். கிராண்டிஸ், வாட்டில் என எந்த மரமானாலும் பிளந்து, மழைக்கு முன்பே கொட்டகையில் அடுக்கிவிடுங்கள். ஈர விறகு எரித்தால் புகைக்குழாயில் தார் படியும், பிறகு அதுவே பற்றும்.

காலிலும் குறை உண்டு. மொத்தப் பாரமும் நாலு புள்ளியில் இறங்குகிறது, அதனால் காலுக்கு அடியில் சதுரத் தகடு வைத்தோம். மாமியார் குனியாமல் விறகு போட வேண்டுமென்று 10 அங்குலக் கால் கேட்டேன். செய்து வந்தது 4 அங்குலம். திருப்பி அனுப்பி மாற்றி வாங்க வேண்டியிருந்தது, அந்த அலைச்சல் எனக்கு வருத்தம்தான். உயரமான கால் ஆடினால் புகைக்குழாய் மூட்டு விட்டுப்போகும் என்பதால் குறுக்கே ஒரு பட்டை வைக்கச் சொன்னேன். இப்போது அசைவே இல்லை. வெல்டிங் கொஞ்சம் முரடு, ஆனால் கதவு நன்றாக அழுந்தி மூடுகிறது.

சிமென்ட் தரை உள்ளவர்கள் பெட்டி வாங்கலாம். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில், மூன்று பக்கம் அடைத்திருப்பதால் அடியில் கை போகிற வழி குறையும். தரைக்குள் குழாய் பதித்து வெளிக்காற்றை நேராக அடுப்புக்குக் கொண்டு வருவதானால், அதை மறைக்கவும் பெட்டிதான் வசதி. எதை வாங்கினாலும் அறையைக் காற்றுப் புகாமல் அடைத்துக்கொண்டு எரிக்காதீர்கள், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

காலை நிரந்தரமாக வெல்டிங் செய்யாமல் நட்டு போல்ட்டில் மாட்டச் சொல்லுங்கள். தரை சரிவாக இருந்தால் வாஷர் வைத்து மட்டம் பார்க்கலாம். போடிமெட்டு வளைவுகளில் வண்டியில் ஏற்றி வரும்போது காலைக் கழற்றிவிட்டு, அடுப்பைப் படுக்க வைத்துக் கட்டுங்கள், கண்ணாடி மேலே பார்க்கும்படி.