பாரிமுனையில் வாங்கிய நுரையீரல் ஸ்லைடு எப்படி இருக்கிறது?

பதினொன்றாம் வகுப்புக்குச் சுவாசம் பாடம் நடத்துகிறவர்களுக்கும், வீட்டில் மைக்ராஸ்கோப் வைத்திருக்கிறவர்களுக்கும் இது உதவும். உயர் நீதிமன்றத்துக்கு எதிர்ப்பக்கச் சந்துகளில் ஆய்வகச் சாமான் விற்கும் சின்னக் கடை ஒன்றில் ‘பாலூட்டி நுரையீரல், குறுக்குவெட்டு’ என்று லேபிள் ஒட்டிய ஸ்லைடு வாங்கினேன். விலை 120 ரூபாய். தாராளமாகக் கொடுக்கலாம்.

முன்பு வேறொரு இடத்திலிருந்து பெட்டியாக எங்கள் பள்ளிக்கு வந்த ஸ்லைடுகளில் நுரையீரல் என்று இருந்தது வெறும் ஊதாத் திட்டு. வெளியே எடுத்த நுரையீரல் காற்று இறங்கிச் சுருங்கிவிடும். மூச்சுக்குழல் வழியாக ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தைச் செலுத்தி உப்பவைத்து, அப்படியே பதப்படுத்திய பிறகுதான் வெட்ட வேண்டும். அதைச் செய்யாவிட்டால் நுண்ணறைகளின், அதாவது காற்று நிறையும் குட்டிப் பைகளின், சுவர்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிப்போய் எதுவும் பிரிந்து தெரியாது. “மிஸ், ஒண்ணுமே தெரியலை” என்று பிள்ளைகள் சொன்னதில் தப்பே இல்லை. அதனால் வாங்கும்போதே ஸ்லைடை டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பாருங்கள். வெறும் கண்ணுக்கே பொடிப்பொடி ஓட்டைகளாகத் தெரிந்தால் நல்ல வெட்டு. கெட்டியாக ஒரே நிறத்தில் இருந்தால் வேண்டாம்.

இந்த ஸ்லைடில் ஹீமட்டாக்சிலின், இயோசின் சாயம் அளவாக ஏறியிருக்கிறது. உட்கருக்கள் நீல ஊதா, மற்றவை இளஞ்சிவப்பு. 100 மடங்கில் பார்த்தால் பெரும்பகுதி வெற்றிடம்தான். பாடநூல்களில் வரையும் திராட்சைக் கொத்தைப் பார்த்துப் பழகிய பிள்ளைகளுக்கு முதலில் ஏமாற்றமாக இருக்கும். ஆனால் அடுத்தடுத்த நுண்ணறைகளுக்கு நடுவே ஒரே சுவர்தான், இரண்டு பக்கமும் அதையே பங்கு போட்டுக்கொள்கின்றன என்பது இங்கேதான் புரியும். ஒவ்வொரு நுண்ணறையும் சுமார் 0.2 மில்லிமீட்டர். மனித நுரையீரல்களில் இவை 30 கோடிக்கும் மேல். எல்லாவற்றின் உட்பரப்பையும் சேர்த்தால் ஏறக்குறைய 70 சதுர மீட்டர்.

ஓரத்தில் ஒரு மூச்சுக்கிளைக் குழல் வெட்டுப்பட்டிருக்கிறது. 400 மடங்குக்கு மாற்றி, ஃபைன் ஸ்க்ரூவை மெதுவாகத் திருப்பினால் உள்விளிம்பில் மங்கலாக ஒரு குஞ்சம் தெளிந்து வரும். அதுதான் குறுயிழைகள். இடையிடையே வெளிறி உப்பியிருப்பவை கோழை சுரக்கும் கோப்லட் செல்கள். கோழையில் ஒட்டிய தூசியை இந்த இழைகள் தொண்டைப் பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. வெளிச்சுவரில் குருத்தெலும்புத் துண்டு ஒன்று. பக்கத்திலேயே இருக்கும் சிறு குழலில் அந்தக் குருத்தெலும்பு இல்லை, மென்தசை வளையம் மட்டும். ஆஸ்துமாவில் இறுகுவது இந்தத் தசைதான். இரண்டும் ஒரே வெட்டில் அமைந்தது நல்ல அதிர்ஷ்டம்.

அப்புறம் நுண்ணறை மூலைகளைத் தேடுங்கள். அங்கே உருண்டையாக, நுரைத்தாற்போல் வெளிறிய செல்கள் உட்கார்ந்திருக்கும். அவை இரண்டாம் வகை நியூமோசைட்டுகள், அதாவது நுண்ணறையின் உட்புறத்தை மூடும் இரு வகைச் செல்களில் ஒன்று. உள்ளே இருந்த கொழுப்பை ஸ்லைடு செய்யும்போது ஊற்றிய ஆல்கஹாலும் சைலீனும் கரைத்துவிட்டதால்தான் அந்த நுரைத்த தோற்றம். அந்தக் கொழுப்புதான் சர்ஃபாக்டன்ட்; ஈரப்படலத்தின் பரப்பு இழுவிசையைக் குறைத்து, மூச்சை வெளியே விட்டதும் நுண்ணறை சுருங்கி ஒட்டாமல் காக்கிறது. குறைமாதக் குழந்தைகள் மூச்சுக்குத் திணறுவதற்கு இது போதாததே காரணம் என்று 1959இல் மேரி எலன் ஏவரியும் ஜெரி மீடும் காட்டினார்கள். இதைச் சொன்னபோது ஒரு மாணவி, “என் தம்பி அப்படித்தான் மிஸ் பொறந்தான், இப்போ நல்லா ஓடுறான்” என்று சொல்லிவிட்டு, மறுபடியும் வந்து அந்தச் செல்லைப் பார்த்துவிட்டுப் போனாள்.

நுண்ணறைப் பரப்பில் சுமார் 95 சதவீதத்தை மூடியிருக்கும் முதல் வகைச் செல்களை மட்டும் இதில் எதிர்பார்க்காதீர்கள். தட்டையான உட்கரு அங்கங்கே தெரியும். மற்ற பகுதி சாதாரண மைக்ராஸ்கோப்புக்கு எட்டாத மெல்லிசு. அந்தச் சுவரை இந்தச் செல்கள் இடைவெளியில்லாமல் மூடியிருக்கின்றன என்பதே 1950களில் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்துத்தான் உறுதியானது.

குறை என்றால் லேபிள்தான். எந்த விலங்கு என்று போடவில்லை. தந்துகிகளில் (மிக நுண்ணிய ரத்தக்குழாய்களில்) வரிசையாக நிற்கும் சிவப்பணுக்களுக்கு உட்கரு இல்லாததால் பாலூட்டி என்பது மட்டும் நிச்சயம். கவர் ஸ்லிப்பின் ஒரு மூலையில் காற்றுக்குமிழி இருக்கிறது, பார்வைக்கு இடைஞ்சல் இல்லை. தூசியை விழுங்கும் மேக்ரோஃபேஜ்கள் ஒன்றிரண்டு கிடைத்தன, ஆனால் கரித்துகள் நிரம்பியதாக ஒன்றும் இல்லை. போகிப் புகையைச் சுவாசிக்கும் எங்கள் வடசென்னைப் பிள்ளைகளுக்கு அதைக் காட்ட ரொம்ப ஆசை.

கடைக்காரர் பொறுமைசாலி. “மேடம், நீங்களே வெளிச்சத்துல பாத்து எடுத்துக்கோங்க” என்று தட்டையே முன்னால் வைத்துவிட்டார். நுரையீரல் விரிந்து சுருங்க உதவும் மீள் இழைகள் தனியாகத் தெரியும்படி சாயமேற்றிய ஸ்லைடும் கேட்டிருக்கிறேன். வரவழைத்துத் தருவதாகச் சொன்னார், முன்பணம் வாங்கவில்லை.