சட்டைப்பைக்குள் அடங்கும் அமெரிக்க அரசியல் சாசனம்: வாங்கலாமா?

போன கோடையில் குடும்பத்தோடு டல்லாஸிலிருந்து வாஷிங்டன் போயிருந்தோம். தேசிய ஆவணக் காப்பகத்தில் அரசியல் சாசனத்தின் மூலப்பிரதியை, நான்கு பெரிய தோல் தாள்கள், கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். வெளிச்சம் மங்கல், கையெழுத்து சுழிசுழியாக இருக்கிறது, பின்னால் நிற்கிறவர்கள் வேறு நெருக்குகிறார்கள், பெரிய எழுத்தில் இருக்கும் முதல் சொற்களைத் தவிர ஒன்றும் படிக்க முடியவில்லை. வெளியே வந்தால் தெருவில் நின்ற கார்களின் நம்பர் பிளேட்டில் 'பிரதிநிதி இல்லாமல் வரியா' என்கிற மாதிரி ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கிறது. அந்த ஊர்க்காரர்களுக்குக் காங்கிரஸில், அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்தில், ஓட்டுப்போடும் உறுப்பினர் கிடையாது, அந்தக் கோபம். பதினைந்து வருடமாக ஹெச்1பி வேலை விசாவில் வரி மட்டும் கட்டிக்கொண்டிருக்கும் எனக்குச் சிரிப்புதான் வந்தது.

சரி, கதைக்கு வருகிறேன். பக்கத்தில் ஒரு கடையில் இந்தக் குட்டிப் புத்தகத்தை வாங்கினேன். விலை 2 டாலருக்கும் கீழே, அங்கே குடித்த காபி அதைவிட அதிகம். உள்ளங்கை அளவு, நடுவில் இரண்டு ஸ்டேப்ளர் பின். ஏழு ஷரத்துகள், 27 திருத்தங்கள், சுதந்திரப் பிரகடனம், கூடவே வெளியிட்டவர்கள் எழுதிய ஒரு முன்னுரை. நம்மூர் சாசனத்தைத் தூக்கிப் பார்த்தவர்களுக்கு இது கல்யாணப் பத்திரிகை மாதிரிதான் தோன்றும்.

முன்னுரை என்ன சொல்கிறது என்றால், ஃபெடரல் அரசுக்கு, அதாவது மத்திய அரசுக்கு, இந்தப் புத்தகத்தில் பட்டியல் போட்டுக் கொடுத்த வேலைகள் மட்டும்தான், நாட்டைப் பாதுகாப்பது, நாணயம் அடிப்பது, தபால் மாதிரி. மிச்சமெல்லாம் மாநிலங்கள் பாடு, இதை மறந்ததால்தான் செலவும் வரியும் கடனும் இப்படி ஏறிவிட்டன என்று. எனக்கும் அதில் பாதி உடன்பாடுதான். அதனால் ஊர் திரும்பியதும் ஒரு நாள் ராத்திரி என் சம்பளச் சீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பிடித்தம் ஒவ்வொன்றுக்கும் இதில் எங்கே அனுமதி இருக்கிறது என்று தேட உட்கார்ந்தேன். இந்த விமர்சனமே அந்த ராத்திரியைப் பற்றித்தான்.

சீட்டில் முதல் பிடித்தம் ஃபெடரல் வருமான வரி. இதற்கு 16ஆம் திருத்தம், 1913. 1895-ல் உச்ச நீதிமன்றம் வருமான வரிச் சட்டத்தைத் தள்ளுபடி செய்ததால் சாசனத்தையே திருத்த வேண்டி வந்தது. ஒரே வாக்கியம், எண்ணிப் பார்த்தேன், ஆங்கிலத்தில் 30 சொற்கள். எத்தனை சதவீதம் வரை போகலாம் என்று அதில் ஒரு சொல்கூட இல்லை. அந்த வருடம் தனியாள் என்றால் 3,000 டாலருக்கு மேல் வருமானம் உள்ளவருக்குத்தான் வரி, அதுவும் 1 சதவீதத்திலிருந்து தொடங்கியது, இவ்வளவு குறைச்சலாக இருக்கும்போது உச்சவரம்பு எதற்கு என்று நினைத்தார்களோ என்னவோ.

அடுத்தது சோஷியல் செக்யூரிட்டி, ஓய்வூதியத் திட்டத்துக்கான பிடித்தம், 6.2 சதவீதம். இதற்கென்று புத்தகத்தில் தனியாக ஒரு வாக்கியமும் கிடையாது. முதல் ஷரத்து 8ஆம் பிரிவின் தொடக்கத்தில் வரும் 'பொது நலன்' என்ற இரண்டு சொல்லில்தான் அது தொங்கிக்கொண்டிருக்கிறது, 1937-ல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்று சொல்லிவிட்டது. இந்த 'பொது நலன்' சண்டை ஆதியிலிருந்தே உண்டு. பட்டியலில் இருக்கும் வேலைகளுக்கு மட்டும் என்றார் சாசனத்தை உருவாக்கியவர்களில் ஒருவரும் பின்னால் ஜனாதிபதியானவருமான மாடிசன், 1817-ல் பதவி முடிவதற்கு முந்தைய நாள் சாலைக்கும் கால்வாய்க்கும் பணம் கொடுக்கும் மசோதாவை வீட்டோ செய்துவிட்டுப் போனார். இல்லை, அது தனி அதிகாரம் என்றார் முதல் நிதியமைச்சர் ஹாமில்டன், கடைசியில் நீதிமன்றம் எடுத்துக்கொண்டது அவர் பக்கத்தைத்தான். முன்னுரை மாடிசனை மூன்று இடத்தில் மேற்கோள் காட்டுகிறது, ஹாமில்டன் பெயரே இல்லை, 1937 தீர்ப்பும் இல்லை. இதுதான் எனக்குப் பெரிய குறை. கட்சி கட்டுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை, ஆனால் ஜெயித்த ஆளை மறைத்துவிட்டுக் கட்டாதீர்கள்.

ராணுவப் பகுதிதான் சுவாரசியம். தரைப்படைக்கு ஒரு தடவையில் இரண்டு வருடத்துக்கு மேல் பணம் ஒதுக்கக் கூடாது என்று எழுதியே வைத்திருக்கிறார்கள், ராஜாவின் நிரந்தரப் படையைப் பார்த்துச் சூடுபட்டவர்கள் இல்லையா. கடற்படைக்கு அந்தக் கெடு கிடையாது. போர் அறிவிப்பது காங்கிரஸ் வேலை. கடைசியாக முறைப்படி அறிவித்தது 1942-ல், பல்கேரியா, ஹங்கேரி, ருமேனியா மேல் என்று மகளிடம் சொன்னேன். "அப்போ வியட்நாம், ஈராக் எல்லாம் என்னப்பா?" என்றாள். அனுமதித் தீர்மானம் என்று ஒன்று போட்டுக்கொண்டு போனார்கள் என்றேன். கொரியாவுக்கு அதுகூடக் கிடையாது. "அப்புறம் எதுக்கு எழுதி வெச்சாங்க?" என்று கேட்டுவிட்டு அவள் போனை எடுத்துக்கொண்டாள்.

9ஆம் பிரிவில் இன்னொன்று: சட்டப்படி ஒதுக்காமல் கஜானாவிலிருந்து காசு எடுக்கக் கூடாது, வரவு செலவுக் கணக்கை அவ்வப்போது வெளியிட வேண்டும். பாதுகாப்புத் துறைக்கு முதல்முறையாக முழுத் தணிக்கை நடந்தது 2018-ல், அன்றிலிருந்து ஒரு தடவைகூடத் தேறவில்லை. என் வரித்தாளில் 40 டாலர் வித்தியாசத்துக்குக் கடிதம் வருகிறது!

கடன் வாங்கும் அதிகாரமும் 8ஆம் பிரிவில் இரண்டாவதாகவே இருக்கிறது, எவ்வளவு என்று வரம்பு இல்லாமல். 2024 நிதியாண்டில் வட்டிக்குப் போனது பாதுகாப்புச் செலவையே தாண்டிவிட்டது. ஃபெடரல் அரசைக் கட்டிப்போடுவது என்று முன்னுரை கொண்டாடும் 10ஆம் திருத்தம், கொடுக்காத அதிகாரமெல்லாம் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ என்பது, 28 சொல். நம்மூரில் மிச்ச அதிகாரம் டெல்லிக்குப் போகும், இங்கே தலைகீழ், மாநில சுயாட்சி பேசுகிறவர்களுக்கு ஏக்கமாக இருக்கும். ஆனால் கொடுத்த அதிகாரமே இவ்வளவு நீளும் என்றால் கொடுக்காதது எவ்வளவு மிஞ்சும்? முன்னுரை எழுதியவர்கள், அரசு சாசனத்தை மீறிவிட்டது என்று புலம்புகிறார்கள், நான் படித்தவரை வரிக்கும் கடனுக்கும் அதில் பூட்டே சரியாகப் போடவில்லை.

இனி பொருளைப் பற்றி. தாள் பரவாயில்லை, எழுத்து ரொம்பப் பொடி, பொருளடக்கம் இல்லை, எந்தத் திருத்தம் எந்தப் பக்கம் என்று புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு மாதத்தில் ஒரு பின் கழன்று நடுத்தாள் தனியாக வந்துவிட்டது. ஐந்துக்கு மூன்று கொடுப்பேன், முன்னுரையைக் கடைசியில் படிப்பதாக இருந்தால் மூன்றரை. நாற்பது தாண்டியவர்கள் பெரிய எழுத்துப் பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள், என்னுடையது இப்போது ரப்பர் பேண்ட் போட்டு வரி ஃபைலுக்குள் இருக்கிறது.