கல் என்னுடையது, படகு யாருடையது? எகிப்தில் நடக்கும் மூன்று போர்டு கேம்கள்

இம்ஹோதெப் என்ற போர்டு கேமை ஆடி முடித்தவர்களிடம் எப்படி இருந்தது என்று கேட்டால் அநேகமாக இரண்டில் ஒரு பதில் வரும். "இன்னொரு தடவை போடலாம்" என்பது ஒன்று. "என்னை ஒன்றுமே செய்ய விடவில்லையே" என்பது இன்னொன்று. ஒரே மேசையில், ஒரே ஆட்டம் முடிந்த கையோடு, இரண்டையும் கேட்டிருக்கிறேன். பழைய எகிப்தை வைத்து வந்த இலகுவான போர்டு கேம் ஒன்று வாங்கலாம் என்று யாராவது யோசனை கேட்கும்போது, அந்த இரண்டாவது பதிலை அவர்களிடம் மறைப்பதில்லை. கூடவே ரா, லக்ஸர் என்ற இன்னும் இரண்டு பெட்டிகளையும் எடுத்துக் காட்டுவேன். மூன்றுமே ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், விதிகளைச் சொல்லிக்கொடுக்கவும் கால் மணி நேரம் போதும். ஆனால் தோற்றவர் எதைத் திட்டிக்கொண்டு எழுந்திருக்கிறார் என்பதில் மூன்றும் மூன்று திசை.

முதலில் இம்ஹோதெப். ஆஸ்திரேலியக்காரர் ஃபில் வாக்கர் ஹார்டிங் வடிவமைத்து, 2016இல் கோஸ்மோஸ் நிறுவனம் வெளியிட்டது. ஜெர்மனியின் 'ஆண்டின் சிறந்த விளையாட்டு' விருதுக்கான இறுதிப் பட்டியலிலும் அந்த வருடம் இருந்தது. விருது என்னவோ கோட்நேம்ஸ் ஆட்டத்துக்குப் போனது. உங்கள் முறை வந்தால் செய்யக்கூடியவை நான்கே: கல் எடுப்பது, படகில் ஒரு கல் ஏற்றுவது, படகைக் கிளப்புவது, கையில் நீலச் சீட்டு இருந்தால் அதைப் போடுவது. பிரமிடு, கோயில், கல்லறை, கல்தூண் (ஒபெலிஸ்க்), சந்தை என்று படகு சேரும் துறைகள் ஐந்து. ஒவ்வொரு சுற்றிலும் படகு நான்கு, ஒரு துறைக்கு ஒரு படகு. ஆக ஒரு துறை எப்போதும் காலியாகவே கிடக்கும். இப்படி ஆறு சுற்று.

வம்பு எங்கே தொடங்குகிறது என்றால், படகு யாருக்கும் சொந்தமில்லை. குறிப்பிட்ட அளவு கல் ஏறிவிட்டால் யார் வேண்டுமானாலும் அதை எந்தத் துறைக்கு வேண்டுமானாலும் ஓட்டலாம். போன தீபாவளிக்கு வீட்டில் நான்கு பேர் ஆடினோம். கடைசிச் சுற்று. கல்தூணில் நானும் மச்சானும் சமமாக நிற்கிறோம். நான்கு பேர் ஆட்டத்தில் அங்கே முதலிடத்துக்கு 15 புள்ளி, இரண்டாவதுக்கு 10. இன்னும் ஒரு கல் போனால் முதலிடம் எனக்கு. ஏற்றியும் விட்டேன். அக்கா அலட்டிக்கொள்ளாமல் அந்தப் படகைச் சந்தைக்குத் தள்ளினாள்.

"உனக்கு அதில ஒரு கல்கூட இல்லையேக்கா?"

"அதனாலதான்டா தள்ளினேன்."

தன் மூக்கு அறுந்தாலும் எதிரிக்குச் சகுனத்தடை ஆக வேண்டும் என்பார்களே, அதை ஒரு விதியாகவே பெட்டிக்குள் போட்டுத் தந்திருக்கிறார்கள். படகை ஓட்டுவதற்கே அவளுடைய முறை ஒன்று செலவாகிறது. தனக்கு ஒரு புள்ளியும் இல்லை. ஆனாலும் செய்தாள், அவள் முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

இதைக் குறையாகச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஒரு தடவை மட்டுமே ஆடியவர்கள் என்பது என் எண்ணம். இரண்டு மூன்று ஆட்டம் போனால் ஒரு விஷயம் பிடிபடும். உங்கள் கல்லைத் தனியாக ஏற்றினால் அநாதை. பக்கத்து ஆளின் கல்லோடு சேர்த்து ஏற்றினால், படகு சரியான துறைக்குப் போவதில் அவருக்கும் பங்கு வந்துவிடுகிறது. எல்லாக் கல்லையும் ஒரே படகில் குவிக்கக் கூடாது என்பதும் தானாகப் புரியும். படகின் முன்பக்கக் கல்தான் முதலில் இறங்கும். பிரமிடுக்கு முதலில் இறங்குவது நல்லதா, கோயிலில் கடைசியாக இறங்கி மேலே உட்காருவது நல்லதா என்ற கணக்கும் அப்புறம் வரும். கோயிலில் மேலிருந்து பார்த்தால் தெரிகிற கல்லுக்கு மட்டும்தான் புள்ளி. துறைப் பலகைகளின் மறுபக்கத்தில் வேறு விதிகள் இருக்கின்றன, முன்பக்கம் பழகிய பிறகு திருப்பிக்கொள்ளலாம்.

படகில் கல் ஏற்றுவது வெறும் அலங்காரம் இல்லை. கூஃபு மன்னரின் பிரமிடுக்காகத் தூரா சுண்ணாம்புக் கல்லைப் படகில் கீஸாவுக்குக் கொண்டுபோன மெரெர் என்ற மேற்பார்வையாளரின் நாட்குறிப்பு, 2013இல் செங்கடல் கரையில் வாடி அல் ஜர்ஃப் என்ற இடத்தில் பாப்பிரஸ் துண்டுகளாகக் கிடைத்தது. அன்றைக்கு எங்கே ஏற்றினோம், எங்கே இறக்கினோம், இரவு எங்கே தங்கினோம் என்று நாள்வாரியாக எழுதிவைத்திருக்கிறார். ஆனால் பெட்டியின் மேல் பெயர் கொடுத்திருக்கும் இம்ஹோதெப் அதற்கும் முந்தியவர். சக்காராவில் ஆறு படி பிரமிடு கட்டிய ஜோசர் மன்னரின் அமைச்சர். அவர் காலத்தில் ஒபெலிஸ்க் வகைக் கல்தூண் நிறுத்தும் வழக்கம் வந்திருக்கவில்லை. அதற்காகப் பதினைந்து புள்ளியை யாராவது விட்டுக்கொடுப்பார்களா என்ன.

ராவுக்கு வயது அதிகம், 1999. வடிவமைத்த ரைனர் க்னீட்சியா கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். அது ஆட்டத்தில் நன்றாகவே தெரியும். பையில் 180 டைல்கள், அதாவது படம் போட்ட சதுர வில்லைகள். உங்கள் முறையில் ஒரு டைலை எடுத்து வரிசையில் வைக்கலாம், அல்லது சூரியக் கடவுள் ராவைக் கூப்பிட்டு ஏலம் தொடங்கலாம். ஏலத்தில் பணம் கிடையாது, எண் போட்ட சூரியன் வில்லைகள்தான். ஆளுக்கு ஒரே ஒரு தடவை கேட்கலாம். ஜெயித்தவர் வரிசையில் உள்ள எல்லா டைலையும் எடுத்துக்கொண்டு, தன் சூரியனை நடுவில் வைத்து, அங்கே ஏற்கெனவே இருந்த சூரியனை எடுத்துக்கொள்வார். அது அடுத்த யுகத்தில்தான், அதாவது ஆட்டத்தின் அடுத்த பெரிய சுற்றில்தான் பயன்படும். இன்றைக்குப் பெரிய எண்ணைக் கொடுத்து அள்ளினால் நாளைக்குச் சின்ன எண்ணோடு திண்டாட வேண்டும். இவ்வளவு சின்ன விதிக்குள் இவ்வளவு கணக்கை ஒளித்து வைத்த ஆட்டம் எனக்குத் தெரிந்து அதிகம் இல்லை.

180இல் 30 டைல் ரா. அது வந்தால் உடனே ஏலம். கூடவே யுகம் முடிய ஒரு கட்டம் குறையும். நான்கு பேர் ஆடினால் மொத்தம் ஒன்பது கட்டம். ஒரு தடவை எட்டு நிரம்பிவிட்டது. நாங்கள் மூன்று பேரும் சூரியன் தீர்ந்து கை கட்டி உட்கார்ந்திருக்க, தம்பியிடம் மட்டும் ஒரு சூரியன் மிச்சம். வரிசையில் நான்கு டைல், எல்லாம் நல்ல சரக்கு. போட்டிக்கு ஆளே இல்லை, கூப்பிட்டு எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அவனிடம் நாகரிக டைல் ஒன்றுகூட இல்லை, இல்லாவிட்டால் ஐந்து புள்ளி நஷ்டம். "இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்று பைக்குள் கை விட்டான். வந்தது ரா. யுகம் முடிந்தது, நான்கு டைலும் குப்பைக்கு. அவன் யாரையும் திட்டவில்லை. கொஞ்ச நேரம் பையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

புதிதாக ஆடுபவர்கள் சொல்லும் குறை நியாயமானது. எந்த டைலுக்கு என்ன மதிப்பு என்ற பட்டியலைப் பார்த்தாலே தலை சுற்றும். முதல் யுகம் முழுக்கத் தப்புத் தப்பாகத்தான் ஏலம் கேட்பார்கள். நைல் டைல்களை மட்டும் நான் விளக்க வேண்டியே வருவதில்லை. நைல் எத்தனை வைத்திருந்தாலும், அந்த யுகத்தில் வெள்ளம் ஒன்றாவது கையில் இல்லையென்றால் பூஜ்யம். ஆறு இருந்து வெள்ளம் வராவிட்டால் எகிப்தில் விளைச்சல் ஏது? இன்னொன்று, ராவுக்கு மூன்று பேராவது வேண்டும், இரண்டு பேர் உட்கார்ந்தால் ஏலத்தில் சூடே இருக்காது. பழைய பெட்டிக்கு அலைய வேண்டாம், 2023இல் புதிய பதிப்பு வந்திருக்கிறது.

லக்ஸர் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. ரூடிகர் டோர்ன் வடிவமைத்தது, 2018இல் அதே விருதின் இறுதிப் பட்டியலுக்கு வந்தது. கல்லறைக்குள் ஆட்களை நகர்த்திப் பொக்கிஷம் சேர்க்க வேண்டும். கையில் ஐந்து சீட்டு, இடது ஓரமோ வலது ஓரமோ உள்ளதை மட்டுமே போடலாம், புதிய சீட்டு நடுவில் செருகப்படும். அந்த ஒரு யோசனை அழகு. மற்றபடி சண்டை கிடையாது, வயிற்றெரிச்சல் கிடையாது. பிடிக்காதவர்கள் "சீட்டு சரியா வரலை" என்பார்கள், பிடித்தவர்கள் "குழந்தைகளோடு நிம்மதியா ஆடலாம்" என்பார்கள். இரண்டு பேர் சொல்வதும் எனக்குச் சரியாகத்தான் படுகிறது.

பத்து வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு லக்ஸர் வாங்குங்கள். வாரா வாரம் கூடும் நான்கைந்து பேருக்கு ரா, இருபது ஆட்டம் ஆனாலும் அலுக்காது. இம்ஹோதெப் வாங்குவதற்கு முன் கூட ஆடப்போகிறவர்கள் யார் என்று ஒரு தடவை நினைத்துப் பாருங்கள். சும்மா கேலி செய்தாலே முகம் தூக்குகிறவர் அதில் இருந்தால் வேண்டாம். என் அலமாரியில் மூன்றும் இருக்கின்றன, அதிகம் வெளியே வருவது இம்ஹோதெப்தான். அக்கா ஊரிலிருந்து வரும்போது அவளே எடுத்து வைத்துவிடுகிறாள். எனக்குக் கல்தூண் கணக்கு ஒன்று பாக்கி இருக்கிறது.