அப்பாவின் காது மெஷின் பேட்டரியில் ஓடும் கேனோனெட்

கேனன் கேனோனெட் கியூஎல்17 ஜி-3 என்ற ஃபிலிம் கேமரா என் கைக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. 1972-ல் வெளிவந்த மாடல். 11 ரோல் எடுத்திருக்கிறேன், இனி இதைக் கொடுக்க மனசில்லை.

மும்பை மாட்டுங்காவில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே பூக்கடைகள். மல்லிகை கட்டும் ஒரு அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் எடுத்தேன். "எப்பம்மா எடுக்கப் போறே?" என்றார். மூன்று படம் எடுத்து முடித்திருந்தேன். லென்ஸுக்குள்ளேயே இருக்கும், மெல்லிய தகடுகளால் ஆன இலை ஷட்டர் அவ்வளவு சத்தமில்லாமல் விழுகிறது. அவர் விரல் ஒரு நொடிகூட நிற்கவில்லை. அந்தப் படங்களுக்காகவே இந்தக் கேமராவை வைத்திருக்கிறேன்.

ஷட்டர் வேகத்தை நாம் வைக்க வேண்டும், 1/4 நொடியிலிருந்து 1/500 வரை. லென்ஸ் எவ்வளவு திறக்க வேண்டும் என்ற அப்பர்ச்சரை கேமரா பார்த்துக்கொள்ளும். வெளிச்சம் போதாவிட்டால் வியூஃபைண்டரில் முள் சிவப்புக்குப் போய்விடும், ஷட்டர் விழாது. விளக்கு வைக்கும் நேரத்தில் 1/30-க்கு இறக்கினால் விழும். 40 மி.மீ. லென்ஸ் எஃப் 1.7 வரை திறப்பதால் குண்டு பல்பு வெளிச்சத்தில்கூட கை கொடுக்கிறது.

பேட்டரிதான் தலைவலி. அந்தக் காலத்து 1.35 வோல்ட் பாதரச பேட்டரி இப்போது கிடையாது. 1.5 வோல்ட் ஆல்கலைன் போட்டேன். ஒளியை அளக்கும் மீட்டர் வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டி, முதல் இரண்டு ரோலும் இருண்டு போயின. அப்புறம் அப்பாவின் காது மெஷின் பேட்டரி கண்ணில் பட்டது. 675 என்ற அளவு, 1.4 வோல்ட். விட்டம் சிறியது, சுற்றி ஒரு ரப்பர் வளையம் போட்டால் நிற்கும். நீல ஸ்டிக்கரை உரித்த பிறகு இரண்டு மூன்று மாதம் வருகிறது. அப்பா இப்போது தனக்கு வாங்கும்போது எனக்கும் ஒரு அட்டை சேர்த்து வாங்குகிறார்.

பேட்டரி செத்தாலும் எல்லா வேகமும் வேலை செய்யும், அப்பர்ச்சரை நாமே வைத்துக்கொள்ளலாம். நண்பரின் யாஷிகா எலெக்ட்ரோ 35-ல் பேட்டரி போனால் 1/500 மட்டும்தான். அதன் லென்ஸ் அருமை என்றாலும் நான் இதையே தேர்ந்தெடுப்பேன்.

வாங்கும்போது ஒன்று. "சர்வீஸ் செய்தது" என்று சொல்லித்தான் எனக்கு விற்றார்கள். மூன்றாவது ரோலைக் கழுவி வாங்கியபோது ஓரமெல்லாம் ஆரஞ்சுத் தீற்றல். பின்கதவு ஓரத்து ஃபோம் தார் மாதிரி உருகி, ஒளி புகுந்திருக்கிறது. சுரண்டி எடுத்துவிட்டு கறுப்புக் கம்பளி நூல் ஒட்டினேன், சரியாகிவிட்டது. ஆகவே கடையிலேயே பின்கதவைத் திறந்து அந்த ஃபோமை விரலால் தொட்டுப் பாருங்கள். லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். மும்பை மழைக்கு வலை மாதிரி பூஞ்சை படர்ந்திருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். ஜூன் பிறந்தால் என்னுடையது சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவுக்குள் போய்விடும், அப்பர்ச்சர் வளையத்தை 'ஏ' என்ற ஆட்டோ நிலையிலிருந்து நகர்த்திவிட்டுத்தான். இல்லையென்றால் மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும்.